மாஸ்கோவுக்குத் தைத்த கோட்டு

முகமது பாரூக் பாய்க்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு ஒன்றரை வருடம் ஆகிறது. மனைவி சர்புன்னிசா இறந்து நாற்பது நாள் ஓதி முடித்த அடுத்த வாரம் அது நடந்தது. ஒரே மகள் அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கிறாள். அவள்தான் என்னை வேலைக்கு வைத்தாள். நான் முப்பத்திரண்டு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஓய்வுக்குப் பிறகு, நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு ஆறு மாதம் தனியாகப் பயிற்சி எடுத்தேன். படுத்தவர்களை எழுப்பி நடக்க வைப்பது என் வேலை. எட்டு மாதத்தில் பாய் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார். பேச்சு குழறும். அவசரப்படாமல் கேட்டால் எல்லாம் புரியும்.

மகளின் பெயர் வாலண்டினா பேகம். விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயரை பாய் வைத்தார். பேகம் என்பதைப் பின்னால் சேர்த்தது சர்புன்னிசா. பாய் இருக்கும் திண்டுக்கல் பேகம்பூரில் அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னவர்கள் குறைவு. அவள் அமெரிக்கக் குடிமகளாகி, தகப்பனைத் தன்னோடு வைத்துக்கொள்ள மனுப் போட்டிருந்தாள். மனு ஏற்கப்பட்டு, மார்ச் பதினெட்டாம் தேதி மும்பையில் நேர்காணல் என்று தகவல் வந்தது.

பிப்ரவரியில் ஒருநாள் போனில் சொன்னாள்: “இங்க மார்ச் ஏப்ரல்லயும் குளிரும் சிஸ்டர். அத்தாவுக்கு ஒரு கோட்டு வாங்கிருங்க.”

பக்கத்தில் இருந்த பாய் தலையை ஆட்டினார். “கோட்டு இருக்கு.”

எங்கள் இருவருக்குமே ஆச்சரியம். திண்டுக்கல் வெயிலில் கோட்டுக்கு என்ன வேலை? கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். வேப்பிலைச் சருகுக்குள் மடித்துவைத்த பழுப்புக் கம்பளிக் கோட்டு. கனத்தது. கை முட்டியில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று. மற்றபடி ஒரு நாளும் போடாத துணி.

வெயிலில் போடுவதற்கு முன் பைகளைத் துழாவினேன். நோயாளியின் துணியை வெளுக்கப் போடுமுன் பை பார்ப்பது வார்டுப் பழக்கம். உள்பையில் ஒரு சிறிய சிவப்பு அட்டை இருந்தது. இளவயது பாரூக்கின் படம், மீசையோடு. கட்சி உறுப்பினர் அட்டை. 1979 முதல் 1991 வரை வருடத்துக்கு ஒரு முத்திரை.

விசா விண்ணப்பத்தின் நகல் என்னிடம் இருந்தது, மருந்துச் சீட்டுகளோடு. இஷாக் இணையத்தில் பூர்த்தி செய்தது. இஷாக் பாயின் அக்காள் மகன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணிக் கடை வைத்திருக்கிறான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். காசநோய் உண்டா, இல்லை. ஆள் கடத்தியதுண்டா, இல்லை. பயங்கரவாதச் செயலில் ஈடுபட்டதுண்டா, இல்லை. நாலாவது பக்கத்தில் இருந்தது: கம்யூனிஸ்ட் கட்சியிலோ வேறு சர்வாதிகாரக் கட்சியிலோ எப்போதாவது உறுப்பினராகவோ தொடர்புடையவராகவோ இருந்ததுண்டா?

அதற்கும் இல்லை என்றே இருந்தது.

“பாய், இதைக் கேட்டாங்களா உங்ககிட்ட?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “இஷாக்கு படபடன்னு போட்டான்.”

“நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?”

அன்று மத்தியானம் ரத்த அழுத்தம் நூற்றெழுபதுக்கு மேல் இருந்தது.

அந்தக் கோட்டின் கதையைச் சொல்லாமல் பாயைப் பற்றிச் சொல்ல முடியாது. அவர் துண்டு துண்டாகச் சொன்னதை நான் வரிசைப்படுத்துகிறேன்.

அவர் 1952இல் பிறந்தவர். தகப்பன் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஆலையைத் தோல் ஷாப்பு என்பார்கள். பாரூக் பள்ளிக்கூடம் போனது மத்தியானச் சாப்பாட்டுக்காக. அமெரிக்கா அனுப்பிய மஞ்சள் மாவில் கிண்டிய உப்புமா, வெந்நீரில் கரைத்த பால் பவுடர். மூட்டையில் இரண்டு கைகள் குலுக்கும் படம் இருக்கும் என்றார். அந்த மூட்டைத் துணியில் அவருடைய அம்மா தலையணை உறை தைத்தார். இந்தியா ரஷ்யா பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று அமெரிக்கா உணவு அனுப்பியதும், அமெரிக்கா பக்கம் சாயக் கூடாது என்று ரஷ்யா இயந்திரமும் எண்ணெயும் அனுப்பியதும் அவருக்குப் பிற்பாடு தொழிற்சங்கக் கூட்டங்களில் தெரிந்தது. அப்போது அவருக்குத் தெரிந்தது உப்புமா சூடாக இருந்தது என்பதுதான்.

பதினாறு வயதில் ஷாப்புக்குள் போனார். முப்பது வயதுக்குள் ரகம் பிரிப்பவர் ஆகிவிட்டார். தோலை விரித்து, புறங்கையால் தடவி, திருப்பிப் போட்டு உள்பக்கம் பார்த்து, கத்தி பட்ட கீறலையும் உண்ணி கடித்த தழும்பையும் கண்டுபிடித்து, முதல் ரகம் இரண்டாம் ரகம் என்று ஒதுக்குவது. மேல்பக்கம் எவ்வளவு பளபளத்தாலும் திருப்பிப் பார்க்காமல் அவர் முதல் ரகத்தில் போட்டதில்லை. இன்றும் புதுத் துண்டு வாங்கினால் இடது கையால் திருப்பித்தான் பார்ப்பார்.

எண்பதுகளில் அந்த ஷாப்பின் தோல் பெரும்பாலும் ரஷ்யாவுக்குப் போனது. வருடத்துக்கு ஒருமுறை ரஷ்யக்காரர் ஒருவர் வந்து பாரூக் ஒதுக்கியதைச் சோதிப்பார். ஒருமுறைகூட ஒரு தோலையும் திருப்பி அனுப்பவில்லை. அங்கிருந்து தமிழில் ஒரு வழவழப்பான பத்திரிகை வரும். சங்கத்து வீடுகளில் பிள்ளைகளின் புத்தகத்துக்கெல்லாம் அதுதான் அட்டை. அதில் பார்த்த படத்திலிருந்துதான் மகளுக்குப் பெயர்.

1982இல் தொழிற்சங்கக் குழு ஒன்றை மாஸ்கோவுக்கு அழைத்தார்கள். திண்டுக்கல்லில் இருந்து ஒருவர்: பாரூக். மணிக்கூண்டு பக்கம் ஒரு தையற்காரர், கொடைக்கானல்காரர்களுக்குத் தைக்கும் கம்பளியில் கோட்டுத் தைத்தார். புறப்பட வேண்டிய மாதம் அங்கே தலைவர் இறந்துபோனார். பயணம் தள்ளிப்போனது. மறுபடி தேதி வைத்தபோது அடுத்த தலைவர் இறந்தார். மூன்றாவது முறையும் அப்படியே.

“எனக்குத் தேதி வச்சா அங்கன ஒரு மய்யித்து விழுதுன்னு நாச்சிமுத்து கிண்டல் பண்ணுவான்” என்று பாய் சிரித்தார். நாச்சிமுத்து யார் என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. “கூட வேலை பார்த்தவன்” என்றார்.

அட்டை கிடைத்த அன்று சாயங்காலம் இஷாக் வந்தான். அட்டையைக் காட்டினேன். உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டான்.

“மாமு, இதை இன்னுமா வச்சிருக்கீங்க? குடுங்க, கடை அடுப்புல போட்டுர்றேன்.”

“போடக்கூடாது” என்றேன்.

“சிஸ்டர், உங்களுக்குத் தெரியாது. அமெரிக்காக்காரனுக்கு கம்யூனிஸ்ட்டுன்னாலே ஆகாது. ரஷ்யாவோட அம்பது வருஷம் மல்லுக்கட்டுனவன். ஆமான்னு டிக் அடிச்சா அங்கேயே கதவைச் சாத்திருவான்.”

“அந்த நாடே உடைஞ்சு முப்பது வருசத்துக்கு மேல ஆச்சே இஷாக்கு.”

“நாடு உடைஞ்சிருச்சு, ஃபாரம் உடையலையே!”

அது சரிதான். நான் விண்ணப்பத்தை நீட்டினேன். “அங்க கையைத் தூக்கி சத்தியம் பண்ணச் சொல்வாங்க. பொய்யின்னு தெரிஞ்சா என்ன ஆகும்னு கடைசிப் பக்கத்துல இருக்கு, படி. ஆயுசுக்கும் விசா கிடையாது.”

“எப்படித் தெரியும்? யார் சொல்லப்போறா?”

“மகள் பேரைப் பார்த்தா எவனுக்கும் ஒரு கேள்வி வரும். அப்புறம் என்னைக் கேட்டா நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

இஷாக் என்னை ஒரு பார்வை பார்த்தான். மாமு போய்விட்டால் எனக்கு வேலை போய்விடும் என்று நான் கெடுப்பதாக அவனுக்கு ஒரு சந்தேகம். வாய்விட்டுச் சொல்லவில்லை. திண்டுக்கல்லில் படுத்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வேடசந்தூரில் ஒரு வீட்டில் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். எனக்கிருந்த பயம் வேறு. நோயாளி பழைய வியாதியை மறைத்து மயக்க ஊசி போட்டுக்கொண்டு, மேசையிலேயே மூச்சு நின்றதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

“நீங்க சொல்லுங்க மாமு” என்றான் இஷாக்.

பாய் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “போட்டது போட்டதாவே இருக்கட்டும்” என்றார்.

அடுத்த மூன்று வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கஞ்சி வைத்தாலும் பாதி. வெளியே மோட்டார் சைக்கிள் நின்றால் யார் என்று கேட்பார். பிசியோதெரபியில் கால் இறுக ஆரம்பித்தது. பயந்த உடம்பு தளர்ந்து கொடுக்காது. மருந்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். “என்ன கவலை அவருக்கு?” என்றார் டாக்டர். மகளிடம் போகிறார் என்றேன். “சந்தோஷப்பட வேண்டிய விஷயமாச்சே” என்று சொல்லி மாத்திரையைக் கூட்டினார்.

மதுரையில் விமானம் ஏறி மும்பை போனோம். பேச்சுக் குழறும் நோயாளிக்கு ஒரு துணை வேண்டும் என்று வாலண்டினா முன்கூட்டியே எழுதி, என்னை உள்ளே விட அனுமதி வாங்கியிருந்தாள். மருத்துவச் சோதனை முடிந்து, பதினெட்டாம் தேதி காலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வரிசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளைஞன், அமெரிக்க அதிகாரி. பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு பெண்.

“வலது கரத்தை உயர்த்துங்கள்” என்றாள் அந்தப் பெண், ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல.

பாயால் வலது கையைத் தூக்க முடியாது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். பாதிக்கு மேல் போகவில்லை. நான் முழங்கையைத் தாங்கினேன். போதும், இடது கையே போதும் என்று அதிகாரி சைகை காட்டினார். பாய் கேட்கவில்லை. வலது கைதான் மேலே போனது.

மகளைப் பற்றி நாலு கேள்வி. வாலண்டினா என்ற பெயரை அதிகாரி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு விண்ணப்பத்தைப் புரட்டினார்.

“இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மைதானா?” என்று அந்தப் பெண் மொழிபெயர்த்தாள்.

பாய் மேசையில் கிடந்த தாளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை தானாக அசைந்தது. விரல்களைச் சேர்த்து, புறங்கையைத் திருப்பி, காற்றில் எதையோ புரட்டுவதுபோல.

“நாலாம் பக்கம்” என்றார். “அது தப்பு.”

பெண்ணுக்குப் புரியவில்லை. நான் மறுபடி சொன்னேன்.

“நான் கட்சில இருந்தேன். பன்னெண்டு வருஷம்” என்றார் பாய். சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே உள்ள சந்தில் தள்ளினார். அதை அவர் கொண்டுவந்திருப்பது எனக்கே தெரியாது.

அதிகாரி அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பிறக்கும் முன்பே செல்லாமல் போன அட்டை. உள்ளே எழுந்து போனார். இருபது நிமிடம். பாயின் நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நூற்றிரண்டு.

திரும்பி வந்து ஒரு சீட்டுக் கொடுத்தார். நீங்களாகவே திருத்தியதால் விண்ணப்பத்தைத் திருத்திக்கொள்கிறோம். ஏன் சேர்ந்தீர்கள், என்ன செய்தீர்கள், எப்போது எப்படி விலகினீர்கள் என்று எழுதித் தர வேண்டும். உறுப்பினர் பொறுப்பு எப்போது முடிந்தது என்பதற்கு ஆவணம் வேண்டும். விலகிப் பல வருடம் ஆனவர்களுக்கு வழி உண்டு; ஆவணம் வந்த பிறகுதான் முடிவு.

வெளியே வந்ததும் இஷாக்குக்குப் போன் போட்டேன். திட்டினான், பிறகு அழுதான், பிறகு பாய் சாப்பிட்டாரா என்று கேட்டான்.

ஊர் திரும்பினால் பாய் தேறுவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லியாகிவிட்டது; இனி ஒரு கடிதம் வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவர் இன்னும் மோசமானார். மூன்றாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டு, “வேணாம்னு எழுதிப் போடச் சொல்லுங்க வாலண்டினாவ. நான் போகல” என்றார்.

“ஒரு லெட்டருக்கா?”

“வேணாம்.”

எனக்குக் கோபம் வந்தது. “பாய், மும்பைக்கு அலைஞ்சது நீங்க மட்டுமில்ல. எனக்கும் முட்டி வலிதான். என்னன்னு சொல்லிட்டு வேணாம்னு சொல்லுங்க.”

சொன்னார். நான் அவர் அமெரிக்காக்காரனுக்குப் பயப்படுகிறார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பயந்தது பேகம்பூரில் இருக்கும் ஒரு நோட்டுக்கு.

1991 கடைசியில் ரஷ்யா உடைந்ததும் ஷாப்பில் ஆர்டர் நின்றது. முதலாளி அமெரிக்கக் கம்பெனி ஒன்றிடம் ஆர்டர் பிடித்தார். அந்த வேலைக்குப் பாதி ஆள் போதும், மீதிப் பேர் வீட்டுக்குப் போகலாம் என்றார். சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. யாரும் உள்ளே போகவில்லை. பதனிட்ட தோல் உள்ளே அடுக்கிக் கிடந்தது; ரகம் பிரிக்காமல் கப்பலேற்ற முடியாது. பிரிக்கத் தெரிந்தவர் பாரூக்.

அப்போது வாலண்டினாவுக்கு ஏழு வயது. இதயத்தில் ஓட்டை. நாலு படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். ஆபரேஷனுக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். எட்டு மாதம் தாங்காது என்று உள்ளூர் டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளிக்கு அங்கே பெரிய டாக்டர் ஒருவரைத் தெரியும். ஆள் அனுப்பினார்: நீ உள்ளே வந்து பிரித்துக்கொடு, பிள்ளைக்கு இந்த வாரமே கட்டில் வாங்கித் தருகிறேன்.

“சாக்கடைப் பக்கம் ஒரு கேட்டு உண்டு. நாலு நாள் அது வழியாப் போனேன். முன்வாசல்ல நாச்சிமுத்து பந்தல் போட்டு உக்காந்திருந்தான். அவனுக்குச் சாயா வாங்கிக் குடுத்துட்டுப் போயி, பின்னால உள்ள நுழைஞ்சேன்.”

சரக்கு போய்விட்டது. வேலைநிறுத்தம் உடைந்தது. நாச்சிமுத்து உட்பட அறுபத்து மூன்று பேருக்கு வேலை போனது. அந்த மாதமே கட்சிக் கிளை கூடி பாரூக்கை நீக்கியது. அது கிளையின் தீர்மான நோட்டில் இருக்கிறது.

“வாலண்டினாவுக்கு?”

“ரஷ்யா உடைஞ்சதும் மனசு விட்டுப்போயி விலகிட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன். எங்கத்தா ஒருநாளும் வளைஞ்சு குடுக்காதவருன்னு எல்லார்ட்டயும் சொல்லுது அது. கொடி பிடிச்சு நிக்கிற போட்டோவ வீட்டுல மாட்டி வச்சிருக்கு. இந்தப் பேப்பர அதுதான் இங்கிலீஷ்ல மாத்தி ஏத்தணும். அதுதான் படிக்கணும்.”

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. “ஆபரேஷன் எப்போ நடந்துச்சு?” என்று கேட்டேன்.

“அந்த மாசமே.”

“எட்டு மாசம் பொறுத்திருந்தா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் நர்ஸ், எனக்கே பதில் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆட்டோ பிடிக்கச் சொன்னார்.

சங்க அலுவலகம் பேகம்பூரில் ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை; கட்சிக் கிளைக்கும் அதுதான் அலுவலகம். நாச்சிமுத்துவுக்கு எழுபத்தாறு வயது, இப்போது கிளைச் செயலாளர். கட்டடத் தொழிலாளர்களுக்கு நலவாரிய மனு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வாக்கர் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். முப்பத்துமூன்று வருடம் ஒரே ஊரில் இருந்துகொண்டு இவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

“வாய்யா. செத்துட்டேன்னு சொன்னாங்க.”

“பாதி” என்றார் பாய்.

நாச்சிமுத்து நாற்காலியைக் காலால் தள்ளினார். பாயை உட்காரவைத்துவிட்டு நான் தூதரகச் சீட்டைக் காட்டி விவரம் சொன்னேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சீட்டைப் படித்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

“அமெரிக்காக்காரன் நம்ம ஆபீஸ் முத்திரை கேக்குறானா? எங்கப்பா! இங்கன தாலுகா ஆபீஸ்லயே இதை எவனும் மதிக்க மாட்டேங்குறான். அம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க, எங்க கிளைச் செயலாளர் கையெழுத்து இருந்தாத்தான் அமெரிக்காவுக்குள்ள விடுவானா?”

“அப்படித்தான்.”

“நாப்பது வருஷமா அமெரிக்க ஏகாதிபத்தியம் ஒழிகன்னு கத்துனேன். ஒரு பய திரும்பிப் பாக்கல. இப்ப பாருங்க.” சிரிப்பு அடங்கியது. பாயின் இழுத்த கையைப் பார்த்தார். “மக கூப்புடுதா?”

“ம்.”

“அந்த நீல ஒதட்டுப் பிள்ளையா?”

பாய் தலையசைத்தார். அவர் கழுத்து வியர்த்திருந்தது. நாச்சிமுத்து இழுப்பறையிலிருந்து கட்சிப் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்தார்.

“சொல்லுறேன் கேளு. உடல்நலக் குறைவால் தாமாகவே விலகினார்னு எழுதுறேன். தேதி அதேதான். லெட்டர்பேடு என்னுது, சீலு என்னுது. எவன் வந்து கேக்கப் போறான்?”

அது சுலபமான வழி. யாருக்கும் கெடுதல் இல்லாததுபோல இருந்தது. வாலண்டினாவுக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. பாய் அந்தத் தாளைத் தள்ளிவைத்தார்.

“நோட்ட எடு” என்றார்.

“எதுக்குய்யா? அதுல நல்லா எழுதல.”

“தெரியும். நீ எழுதுனதுதான.”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

“ஒரு தடவ இல்லைன்னு எழுதி, ஆமான்னு மாத்தியாச்சு. இதையும் மாத்தி எழுதி, அவன் தோண்டிப் பாத்தான்னா, பெறகு நான் வாய் திறக்க முடியாது நாச்சி. எடு.”

பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு நீளமான நோட்டு வந்தது. ஓரம் கரையான் அரித்திருந்தது. நாச்சிமுத்துவே பக்கத்தைத் தேடினார். நீல மை, அழகான கையெழுத்து. நான் வாசித்தேன்: வேலைநிறுத்தத்தின்போது நிர்வாகத்துடன் சேர்ந்து கருங்காலி வேலை செய்த முகமது பாரூக் கட்சி உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறார். இனி எவரும் அவரைத் தோழர் என்று அழைக்கக் கூடாது. கீழே அதேபோல் நீக்கப்பட்ட இன்னும் இரண்டு பேரின் பெயர்.

போனில் படம் எடுக்கப் போனபோது நாச்சிமுத்து தடுத்தார். ஒரு மனுத் தாளை மடித்து அந்த இரண்டு பெயர்களின் மேல் வைத்தார். “இவங்க அமெரிக்கா போகல. இவங்க பிள்ளைங்க இந்தத் தெருவுலதான் இருக்கு.”

படம் எடுத்தேன். நோட்டின் உண்மை நகல் என்று நாச்சிமுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். வாசல்வரை வந்தார். “பாத்துப் போ, பாரூக்கு” என்றார். தோழர் என்று சொல்லவில்லை. தீர்மானம் இன்னும் ரத்தாகவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு வாலண்டினாவுக்கு அங்கே காலை. பக்கத்தையும், பாய் சொல்லச் சொல்ல நான் எழுதிய நாலு பக்க வாக்குமூலத்தையும் அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. போன் வரவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பாய் போனை மடியிலேயே வைத்திருந்தார். அழுத்தத்தை நான் மூன்று வேளையும் பார்த்தேன். இஷாக் பிரியாணி கொண்டுவந்தான்; அதை நானும் அவனும் தின்றோம்.

மூன்றாம் நாள் மாலை போன் வந்தது. வீடியோ இல்லை, குரல் மட்டும். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அத்தா, எத்தனை பேருக்கு வேலை போச்சு?”

“அறுபத்தி மூணு.”

“அவங்கள்ள என் கூடப் படிச்ச பிள்ளைங்களோட அத்தாமார் யாரும் உண்டா?”

“ரெண்டு பேரு. பொன்னழகுவோட அப்பா ஒருத்தர்.”

பொன்னழகு என்ற பெண் ஐந்தாம் வகுப்பில் பள்ளியை விட்டு மில் வேலைக்குப் போனது எனக்குப் பிறகுதான் தெரியும். மகளுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

“கட்டில் எத்தனை நாள்ல கிடைச்சது?”

“நாலு.”

“சரி” என்றாள். அது மன்னிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. “மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்கி ஏத்திட்டேன். ஒரு வார்த்தையும் மாத்தல. சிஸ்டர், அத்தா சாப்பிட்டாரா?”

“இல்ல.”

“சாப்பிடச் சொல்லுங்க. நாச்சிமுத்து மாமா நம்பர் எனக்கு வேணும்.”

அவள் நாச்சிமுத்துவிடம் என்ன பேசினாள் என்பது எங்களுக்குச் சொல்லப்படவில்லை. பாய் அன்று மூன்று இட்லி தின்றார்.

ஏழு வாரம் ஒன்றும் வரவில்லை. எட்டாவது வாரம் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. அது விசா ஒட்டித் திரும்பியது. இஷாக் மாமுவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வேடசந்தூர் வீட்டுக்கு ஒன்றாம் தேதியிலிருந்து வருகிறேன் என்று நான் சொல்லிவிட்டேன்.

கோட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அது முப்பது வயது ஆளுக்குத் தைத்தது. இழுத்த கை உள்ளே போகவில்லை. வலது கைப் பக்கத்தை அக்குளிலிருந்து இடுப்புவரை பிரித்து, ஒட்டும் பட்டை தைத்தேன். முட்டி ஓட்டைக்கு ஒரு தோல் துண்டு. பாய் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரெண்டாம் ரகம்” என்றார்.

இப்போது தினமும் காலையில் போட்டுக் கழற்றிப் பழகுகிறோம். அங்கே இனி குளிராது என்று வாலண்டினா சொல்லியும், போட்டுக்கொண்டுதான் இறங்குவேன் என்கிறார் பாய். மே மாத வெயிலில் கம்பளிக் கோட்டோடு அவருக்கு வேர்த்து ஊற்றுகிறது. இழுத்த கையை முதலில் விட வேண்டும், நல்ல கையைப் பிறகு. அவசரத்தில் மாற்றிவிடுகிறார்.

“அங்க ஏர்ப்போர்ட்டுலயும் கேப்பானா சிஸ்டர்?” என்கிறார், ஒவ்வொரு நாளும்.

“கேட்டாலும் கேப்பான்.”

“கேட்டா?”

“என்ன சொல்வீங்க?”

“ஆமாம்பேன்.”

“அப்புறம் என்ன? வலது கையை விடுங்க முதல்ல.”